கொண்டு வந்தவர் கடன்

தன் விருப்பமின்றி ஓரிடத்திற்குக் கொண்டுபோகப்பட்ட உயிர் ஒன்று, அவ்விடத்தில் தன் பசி தீர இரை தேடுகிறது. அங்ஙனம் தேடுங்கால், அங்கே முன்பே குடியிருந்த வேறு உயிர்கள் அழிந்துபோகின்றன. இவ்வழிவின் பழி யாரைச் சாரும்? தின்ற உயிரையா? அதனைக் கொண்டுபோய் விட்ட மனிதரையா? தீய எண்ணம் எவரிடத்தும் இல்லாமையால் எவரையும் சாராது என்று கூறி நாம் அமைந்துவிடலாமா? இக்கேள்விக்குப் பௌத்தராகிய நாம் விடை கண்டாக வேண்டும். உயிர்க்கொலை செய்யேன் என்னும் முதற் சீலத்தை நாள்தோறும் வாய்விட்டுச் சொல்லுகின்றவர்கள் நாம். அச்சீலம் எங்கே தொடங்கி எதுவரை செல்லுகிறது என்பதை அறியாமற் சொல்லுவது கிளிப்பிள்ளைப் பாடமாகும்.

இக்கேள்வியைக் குரங்கினை வைத்து ஆராயலாம் என்று கருதுகிறேன். நம் நாட்டில் குரங்கைப் பற்றி இரண்டு பேச்சுகளே பெரிதும் வழங்குகின்றன. தெய்வம் என்று சொல்லி வாழைப்பழம் நீட்டுவார் ஒரு சாரார். தொல்லை என்று சொல்லிக் கல்லெறிவார் மற்றொரு சாரார். செவ்வாயும் சனியும் பழம் நீட்டிய கையே புதனன்று கல்லெடுப்பதும் உண்டு. பௌத்தர்க்கு இவ்விரண்டும் ஏலா. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மைப் பின்பற்றியோர்க்கு அளித்த 22 உறுதிமொழிகளில், இந்துத் தெய்வங்களை வழிபடேன் என்பதும் உண்டு; உயிர்கள் அனைத்தினிடத்தும் கருணை கொண்டு அவற்றைக் காப்பேன் என்பதும் உண்டு. ஆகவே குரங்கை நாம் வணங்குவதும் இல்லை, வெறுப்பதும் இல்லை. பசியும் அச்சமும் தாய்ப்பாசமும் உடைய ஓர் உயிர் என்றே காண்கிறோம். போதிசத்துவர் ஒரு பிறப்பில் குரங்கரசராகப் பிறந்து, தம் உடலையே பாலமாக்கிக் கூட்டத்தைக் கரையேற்றினார் என்னும் மகாகபி ஜாதகக் கதை, பார்ஹூத்திலும் சாஞ்சியிலும் கல்லிற் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

409 குரங்குகள்

கரிபியக் கடலிலே போர்ட்டோ ரிக்கோ என்றொரு தீவு உண்டு. அஃது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆட்சிக்கு உட்பட்டது. அதன் தென்கிழக்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தொலைவில், 38 ஏக்கர் பரப்பே உள்ள சிறு தீவொன்று இருக்கிறது. காயோ சாந்தியாகோ என்பது அதன் பெயர். 1938-ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் ரே கார்ப்பென்டர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி நம் நாட்டிற்கு வந்து, வட இந்தியாவில் செம்முகக் குரங்குகளைப் பிடிப்பித்துக் கல்கத்தாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோய், 409 குரங்குகளை அத்தீவில் விட்டார். கூண்டில் அடைபடாது திறந்த வெளியில் வாழும் குரங்குகளின் இயல்பை ஆராய்வது ஒரு நோக்கம். மருத்துவ ஆராய்ச்சிக்கு வேண்டும் குரங்குகளை அமெரிக்காவிற்கு அண்மையிலேயே பெருக்கிக்கொள்வது மற்றொரு நோக்கம்.

அக்குரங்குகள் பல ஊர்களிற் பிடிபட்டவை. ஒரு கூட்டத்தை மற்றொரு கூட்டம் அறியாதவை. தீவில் விடப்பட்ட தொடக்க நாட்களில் அவை தம்முள் பொருது பல மடிந்தன. பின்னர் மெல்ல மெல்லக் கூட்டங்கள் அமைந்தன. 1956 முதல் ஒவ்வொரு குரங்கிற்கும் அடையாளமிட்டுப் பிறப்பு இறப்புக் கணக்கு எழுதப்பட்டு வருகிறது. இன்று அங்கே 1,500-க்கு மேற்பட்ட குரங்குகள் உள்ளன. வெளியிலிருந்து புதியதாக ஒன்றும் சேர்க்கப்படாமையால், அவை அனைத்தும் அந்த 409-இன் வழிவந்தவையே. அத்தனை சிறிய தீவு அத்தனை வயிறுகளுக்கு இரை தர மாட்டாது; ஆதலால் மனிதர் நாள்தோறும் அவற்றிற்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்து வருகின்றனர்.

2017 செப்டம்பர் 20 அன்று 'மரியா' என்னும் பெரும்புயல் அத்தீவைத் தாக்கியது. மரஞ்செடிகளிற் பாதிக்கு மேல் அழிந்தன. 40 பாகை செல்சியசைக் கடந்த வெயிலில் நிழல் என்பது கிடைத்தற்கரிய பொருளாயிற்று. நிழலுக்காக அவை ஒன்றையொன்று கடித்துக் குதறும் என்று எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்ந்ததோ வேறு. முன்னர் அருகே வரவொட்டாத குரங்குகளையும் அவை பக்கத்தில் அமரவிட்டன. மரக்கட்டை ஒன்றின் நிழலில் பல குரங்குகள் வரிசையாக அமர்ந்தன. 2021-இலும் 2024-இலும் வெளிவந்த ஆராய்ச்சிகள் இதனை எடுத்துரைக்கின்றன. பிறரைப் பொறுத்துக்கொண்ட குரங்குகளே மிகுதியாகப் பிழைத்தன என்பதும் அவற்றின் முடிபு. இதை நான் இங்கே சொல்லுவது, குரங்கைப் புகழ்தற்கன்று. பின்வரும் கணக்கில் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் உயிர் இத்தகையது என்பதை வாசகர் மறவாதிருத்தற்பொருட்டே சொல்லுகிறேன்.

பறவைகள் இல்லாத தீவு

போர்ட்டோ ரிக்கோவின் மேற்கே கடலில் தெசெச்சேயோ என்றொரு தீவு உண்டு. ஏறத்தாழ ஒன்றரைச் சதுர கிலோமீட்டர் பரப்பு, வறண்ட நிலம், மனிதக் குடியில்லை. கடற்பறவைகள் அங்கே ஆயிரக்கணக்கில் கூடுகட்டி வந்தமையால், 1912-லேயே அமெரிக்க அரசு அதனைப் பறவைகளின் காப்பிடமாக அறிவித்தது. அப்பறவைகளுள் முதன்மையானது 'பூபி' எனப்படும் பழுப்பு நிறப் பறவை. அது தரையிலேயே முட்டையிடும். இரண்டு முட்டையிட்டாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சையே வளர்த்தெடுக்கும். மரத்திலும் பாறையிலும் ஏறித் திரிந்து, கையால் முட்டையை எடுத்துத் தின்னும் விலங்கு எதனையும் அப்பறவைக் குலம் அத்தீவில் கண்டதில்லை. ஆகவே அத்தகைய பகையினின்று தப்பும் வழியை அது கற்றதும் இல்லை.

1966-ஆம் ஆண்டில் காயோ சாந்தியாகோவிலிருந்து 50-க்கு மேற்பட்ட குரங்குகள் தெசெச்சேயோவிற் கொண்டுவந்து விடப்பட்டன. மனிதர் ஊட்டாமல், நீர் அரிதான புது நிலத்தில் அவை எவ்வாறு பிழைக்கும் என்று காண்பதே நோக்கம். அவை பிழைத்தன. எங்ஙனம் எனின், முட்டைகளையும் தின்று பிழைத்தன. முன்பே அத்தீவில் விடப்பட்டிருந்த ஆடுகளும், கப்பல்களோடு வந்த எலிகளும் நெடுங்காலமாக அழிவு செய்து வந்தன. உலகப்போர்க் காலந்தொட்டு 1952 வரை அமெரிக்கப் படையினரும் அத்தீவைக் குண்டெறிந்து பழகும் இடமாக்கி வைத்திருந்தனர். ஆதலின் பழி முழுவதையும் குரங்கின் தலையில் ஏற்றுதல் முறையன்று. ஆயினும் குரங்குகள் வந்த பின்னர், பூபிப் பறவைகள் அங்கே குஞ்சு பொரிப்பது அறவே நின்றுபோயிற்று. அத்தீவிலும் அதனையடுத்த சில இடங்களிலும் மட்டுமே வளரும் அரிய கள்ளிச்செடி ஒன்றும் அழிவின் விளிம்பிற்கு வந்தது.

குரங்குகளை அகற்ற முன்னர்ச் செய்த முயற்சிகள் முற்றுப்பெறாது நின்றன. எஞ்சியவை மீண்டும் பெருகின. 2000-ஆம் ஆண்டுகளின் இறுதியில் தொடங்கிப் பல்லாண்டு நடந்த முயற்சியில், பொறிவைத்துப் பிடித்தும் துப்பாக்கியாற் சுட்டும் அக்கூட்டம் இல்லாமற் செய்யப்பட்டது. ஆடுகளும் எலிகளும் அவ்வாறே நீக்கப்பட்டன. கடற்பறவைகளிற் சில இனங்கள் இப்போது அத்தீவில் மீண்டும் கூடுகட்டுகின்றன.

ஓர் அரசாங்கம் காப்பிடம் என்று அறிவித்த தீவில், அதே அரசாங்கத்தின் ஆராய்ச்சிக்காகக் குரங்குகள் விடப்பட்டன. பின்னர் அதே அரசாங்கத்தின் செலவிலேயே அவை கொல்லப்பட்டன. இதில் குற்றவாளி யார்?

எண்ணமே கருமம் என்பதன் பொருள்

கருமம் என்று தாம் சொல்லுவது எண்ணத்தையே என்பது புத்த பகவானின் போதனை. பாலி மொழியில் சேதனை எனப்படுவது அதுவே. இதன்படி குரங்கினிடத்தில் பழி இல்லை. பறவைக் குலத்தை அழிக்க வேண்டும் என்று அஃது எண்ணவில்லை. பசித்தது, கையில் அகப்பட்டதை உண்டது. கப்பலில் ஏறுவதற்கு அஃது இசைந்ததுமில்லை.

அங்ஙனமாயின் கொண்டுபோனவரிடத்தும் பழியில்லை அன்றோ என்று கேட்பார் உளர். அவரும் பறவைகளை அழிக்க எண்ணவில்லை. அறிவு வளர்க்கவே எண்ணினார். நோய்க்கு மருந்து காணவும் எண்ணினார். எண்ணமே கருமமாயின் அவர் தூயவர் ஆவர். இவ்வாறு சொல்லுதல் நம் தம்மத்தைப் பாதியிலேயே அறுத்துக்கொள்வதாகும். எண்ணம் என்பது விரும்புதல் மட்டுமன்று. நினைந்து பார்த்தலும் எண்ணமே. நினைத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் நினையாதிருத்தலைப் பகவான் பமாதம் என்றார்; தமிழில் அதனை மறதி எனலாம், சோர்வு எனலாம், அசட்டை எனலாம். பரிநிர்வாணம் எய்துங்கால் அவர் இறுதியாக வற்புறுத்தியது பமாதமின்மையையே.

ஆராமதூசக ஜாதகம் என்றொரு கதை உண்டு. அரசனுடைய தோட்டக்காரன் திருவிழாப் பார்க்கப் போக விரும்பினான். தோட்டத்திலிருந்த குரங்குகளை அழைத்து, இளஞ்செடிகளுக்கு நீரூற்றுமாறு சொல்லித் தோற்பைகளைக் கொடுத்துவிட்டுப் போனான். குரங்குத் தலைவன் நல்லவன். தண்ணீரை வீணாக்கலாகாது என்று கருதினான். ஆகவே ஒவ்வொரு செடியையும் பிடுங்கி வேரின் நீளத்தைப் பார்த்து, நீண்ட வேருக்கு மிகுதியாகவும் குறுகிய வேருக்குக் குறைவாகவும் நீரூற்றுமாறு தன் கூட்டத்திற்குக் கட்டளையிட்டான். தோட்டம் பாழாயிற்று. இக்கதையைக் கேட்போர் குரங்கின் அறியாமையை எண்ணிச் சிரிப்பர். நான் தோட்டக்காரனையே நோக்குகிறேன். செடிகளை ஒப்புக்கொண்டவன் அவன். குரங்கு இன்னது செய்யும் என்று அறிந்திருக்க வேண்டியவன் அவன். திருவிழாவிற்குப் போனவனும் அவனே. 1966-இல் தெசெச்சேயோவிற் குரங்குகளை விட்டவர் அத்தோட்டக்காரனே ஆவர். அத்தீவு பறவைகளின் காப்பிடம் என்பது அதற்கு 54 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் இருந்தது.

பஞ்சாலையில் நெடுங்காலம் உழைத்தவன் என்னும் முறையில் ஒன்று சொல்லுகிறேன். நூற்பு இயந்திரத்தில் ஓர் இழை அறுவது எவர் குற்றமும் அன்று. பஞ்சின் தன்மையாலோ காற்றின் வறட்சியாலோ அறும். அறுந்த இழையை உடனே பிணைக்காது ஆள் அப்பாற் போய்விட்டால், பஞ்சு ரோலரிற் சுற்றிக்கொண்டு பக்கத்து இழைகளையும் அறுத்துவிடும். அப்பொழுது மேஸ்திரி, 'இழை ஏன் அறுந்தது?' என்று கேட்பதில்லை. 'நீ எங்கே போனாய்?' என்றே கேட்பார். பொறுப்பு என்பது இக்கேள்வியிலேதான் இருக்கிறது.

கொண்டுசெல்லுதல் குற்றமா?

ஓர் உயிரை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லுவதே குற்றம் என்று நான் கூறவில்லை. நம் சமய வரலாற்றின் மிகப் பெரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று அத்தகையதே அன்றோ? அசோக மன்னரின் மகளார் சங்கமித்திரைத் தேரி, போதி மரத்தின் கிளையொன்றை இலங்கைக்குக் கொண்டுசென்றார். அநுராதபுரத்தில் நடப்பட்ட அம்மரம் 2,200 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகிறது. அது நிலைத்ததற்குக் காரணம், அதனோடு காவலும் சென்றமையே. அதற்கு நீர் வார்க்கவும் காவல் புரியவும் குடிகள் குறிக்கப்பட்டதை மகாவம்சம் கூறுகிறது. அரசர் மாறினர், போர்கள் வந்தன; மரத்தைப் பேணும் கடமை கைமாறிக் கைமாறி இன்றளவும் நிற்கிறது. கொண்டுபோதல் ஒரு நாட் செயல். பேணுதல் தலைமுறைகளின் செயல். முதலதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டவரே தோட்டக்காரர்.

மற்றுமொன்று கூறுதல் கடன். குரங்கைப் 'புறத்திலிருந்து வந்த உயிர்' என்றும் 'படையெடுக்கும் இனம்' என்றும் விஞ்ஞான நூல்கள் கூறுவதைக் கேட்டு, நம்மவருட் சிலர் மனம் கலங்கலாம். பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்பட்டவர்கள் நாம். குற்றப் பரம்பரை என்று குழந்தை பிறக்கும்போதே முத்திரை குத்திய சட்டம் 1871 முதல் இந்நாட்டில் இருந்ததை மறவாதவர்கள் நாம். ஆகையால் இதனைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். புல்லுக்கும் பூச்சிக்கும் விலங்குக்கும் பிறவியிலே இன வேறுபாடு உண்டு; மனிதருள் அத்தகைய வேறுபாடு இல்லை என்று வாசெட்ட சூத்திரத்தில் பகவான் தெளிவுறுத்தினார். எனவே குரங்கிற்கும் பறவைக்கும் இடையேயுள்ள இவ்வழக்கைக் கொண்டுவந்து, மனிதருள் இவன் மண்ணுக்குரியவன், அவன் வந்தேறி என்று பேசுவார் பேசட்டும். நாம் அதற்குச் செவிகொடுக்கலாகாது. விலங்கினிடத்தும் அச்சொல் ஓர் உறவைக் குறிக்குமேயன்றிக் குற்றத்தைக் குறிக்காது. அத்தீவின் பறவைக்கு அக்குரங்கினின்று தப்பத் தெரியாது என்பதே அதன் முழுப்பொருள்.

பருந்தும் குஞ்சைத் தின்னவில்லையா, இயற்கையில் இது வழக்கந்தானே என்பாரும் உளர். பருந்தும் குஞ்சும் பல்லாயிரம் ஆண்டு ஒரே நிலத்தில் வாழ்ந்தவை. தாய்க்கோழி நிழலைக் கண்டே கூவும். குஞ்சு ஓடி ஒளியும். அங்கே ஓர் அளவு உண்டு. கப்பலில் வந்து இறங்கிய குரங்கின்முன் தரையில் முட்டையிட்டு அமர்ந்திருக்கும் பறவைக்கு அவ்வளவு இல்லை. அவ்வளவினைக் குலைத்தது மனிதன் கை.

கருணை என்னும் பெயரால்

அறிவின் பெயரால் நடந்ததைக் கண்டோம். கருணையின் பெயரால் நடப்பதையும் காண்போம். ஃபுளோரிடாவில் சில்வர் ஆறு என்னும் ஆற்றில் படகுச் சவாரி நடத்திய டூயி என்பவர், வருவோரின் வேடிக்கைக்காக 1930-களின் இறுதியில் ஆற்றிடைத் தீவொன்றிற் சில செம்முகக் குரங்குகளை விட்டார். குரங்கு நீந்தும் என்பதை அவர் அறியவில்லை. அவை நீந்திக் கரையேறிக் காட்டிற் பெருகின. படகில் வந்தோர் அன்போடு தின்பண்டம் எறிந்தனர். குரங்குகள் மேலும் பெருகின. மனிதரிடம் அச்சம் விட்டன. 1984 முதல் 2012 வரை ஏறத்தாழ 1,000 குரங்குகள் பிடித்து அகற்றப்பட்டன. அவற்றுட் பலவும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கு விற்கப்பட்டன. 2018-இல்தான் குரங்குகளுக்கு உணவிடுவது அம்மாநிலத்தில் தடை செய்யப்பட்டது. எறிந்த கடலைக்கும் ஆராய்ச்சிக் கூடத்துக் கூண்டுக்கும் இடையே ஒரே சங்கிலி ஓடுவதை எறிந்தவர் காணவில்லை.

நம் நாட்டிலும் இச்சங்கிலி உண்டு. டில்லி மாநகரிற் குரங்குத் தொல்லை பெருகவே, அவற்றைப் பிடித்து அசோலா பட்டி சரணாலயத்தில் விடவும், அங்கே உணவளிக்கவும் 2007-இல் உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆயிரக்கணக்கான குரங்குகள் கொண்டுபோய் விடப்பட்டன; ஆயினும் அவை வேலியைக் கடந்து சுற்றுப்புற ஊர்களுக்குள் வருகின்றன. தென்னாட்டிற்கே உரிய குல்லாய்க் குரங்கு வாழும் நிலங்களில், வடநாட்டுச் செம்முகக் குரங்கு தெற்கு நோக்கிப் பரவி இடம் பிடித்து வருவதை 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சி எச்சரித்தது. ஓர் ஊரார் தம் தொல்லையை வண்டியிலேற்றி அடுத்த ஊர் எல்லையில் இறக்கிவிட்டு, 'காட்டில் விட்டோம், புண்ணியம்' என்று சொல்லும் வழக்கம் இப்பரவலுக்குத் துணைசெய்யும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

பிறரைச் சொல்லி நம்மை விடுதல் நேர்மையாகாது. உயிர் விடுதலை என்னும் பெயரால், கடையில் வாங்கிய ஆமையையும் மீனையும் பறவையையும் கண்ட நீரிலும் காட்டிலும் விட்டுப் புண்ணியம் தேடுவது கிழக்காசியப் பௌத்தரிடையே பரவலாக நடைபெறுகிறது. அமெரிக்க ஆமைகள் ஆசியக் குளங்களில் நிறைந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். 2015-இல் இங்கிலாந்தின் கடற்கரையருகே, அந்நாட்டுக் கடலுக்கு உரியனவல்லாத இறால் நண்டு வகைகளைப் பௌத்தர் சிலர் இவ்வாறு விடுவித்தனர். அதன்பொருட்டு 2017-இல் இருவருக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. கொலையினின்று ஓர் உயிரை மீட்க வேண்டும் என்ற எண்ணம் தூயது. அதைக் கடலில் விட்ட பின்னர் என்ன ஆகும் என்று கேளாதது பமாதம். தனக்குப் புண்ணியம் சேர்ந்ததா என்று பார்க்கிறவன் கண், உயிரைப் பார்க்க மறந்துவிடுகிறது.

கொல்லலாமா?

இனி இக்கட்டுரையின் கடினமான இடத்திற்கு வருகிறேன். தெசெச்சேயோவிற் குரங்குகளைச் சுட்டது சரியா? ஒரு சாரார், பறவைகள் திரும்பியமையால் அஃது அறமே என்பர். மற்றொரு சாரார், சீலம் கெட்டமையால் அது பாவமே, குரங்குகளை அவ்வாறே விட்டிருக்க வேண்டும் என்பர்.

முதற் சாராரை நோக்கிச் சொல்லுவேன்: கொலை கொலையே. உயிர் என்று அறிந்து, கொல்ல எண்ணி, கருவி எடுத்து, உயிர் நீங்கச் செய்வது கொலை என்றே நம் நூல்கள் இலக்கணம் கூறுகின்றன. அதற்கு நீதி என்றும் தண்டனை என்றும் பெயர் சூட்டுதல் பொய்யாகும். முதற் சீலத்தோடு நான்காம் சீலமும் கெடும். அக்குரங்குகள் தண்டிக்கப்பட்டவை அல்ல. மனிதர் பட்ட கடனைத் தம் உயிரால் அடைத்தவை.

இரண்டாம் சாராரை நோக்கிச் சொல்லுவேன்: கை தூய்மையாக இருப்பது வேறு, கருணை வேறு. நான் துப்பாக்கி எடுக்கவில்லை என்று சொல்லித் தாமரைமேல் அமர்ந்திருப்பவனுக்கு, ஆண்டுதோறும் உண்ணப்பட்ட முட்டைகள் கணக்கில் வரவில்லை. முட்டைக்குள் இருக்கும் உயிர் கத்துவதில்லை. ஆகவே நம் காதில் விழுவதில்லை. அழுகிற உயிருக்கு மட்டும் இரங்குவது, அரைக் கருணை. ஒன்றும் செய்யாதிருத்தலும் அங்கே ஒரு செயலே.

அப்படியானால் வழி யாது? மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை ஹாங்காங் காட்டுகிறது. அங்கே கவுலூன் நீர்த்தேக்கத்தை அடுத்த காடுகளில் வாழும் குரங்குகள், 1910-களில் மனிதர் விட்டவற்றின் வழிவந்தவை. எட்டி இனத்தைச் சேர்ந்த நச்சுக்காய்கள் நீர்த்தேக்கத்தைக் கெடுக்காதிருக்க, அவற்றைத் தின்பதற்காக விடப்பட்டன என்று சொல்லப்படுகிறது. மக்கள் உணவிட்டமையால் அவையும் பெருகித் தொல்லையாயின. அந்நகர அரசு 1999-இல் உணவிடுவதைத் தடை செய்தது. 2007 முதல் குரங்குகளைப் பிடித்துக் கருத்தடை செய்து மீண்டும் அதே இடத்தில் விட்டு வருகிறது. பிறப்பு விகிதம் பெரிதும் குறைந்தது. எவ்வுயிரும் கொல்லப்படவில்லை. நம் நாட்டு இமாசலப் பிரதேசத்திலும் 2006–07 முதல் லட்சத்திற்கு மேற்பட்ட குரங்குகளுக்குக் கருத்தடை செய்யப்பட்டுள்ளது.

இவ்வழிக்குப் பொறுமை வேண்டும், பணம் வேண்டும், ஆண்டுதோறும் விடாது செய்யும் ஆள் வேண்டும். துப்பாக்கி ரவை மலிவு. கருணை செலவு மிக்கது. சீலம் காப்பேன் என்பவன் அச்செலவில் தன் பங்கைத் தர ஆயத்தமாயிருத்தல் வேண்டும். தராதவன், பிறன் கையில் துப்பாக்கியைத் தானே கொடுத்தவனாவான். பறவைக் குலம் அழியும் தறுவாயில், காத்திருக்கக் காலமில்லாத இடமும் இருக்கலாம். அங்கேயும் உயிரோடு பிடித்து, உயிருள்ளவரை பேணுவதையே முதலில் முயல வேண்டும். அதுவும் இயலாது கொன்றவர், சீலம் கெட்டது என்பதை ஒப்பி, துன்பம் இயன்றவரை குறைய, அரைகுறையாக நிறுத்தாது முடித்தல் வேண்டும். அரைகுறையாக நிறுத்தினால் எஞ்சியவை பெருகிப் பின்னரும் கொல்லப்படும். அதன் பின்னர், இனி எவ்வுயிரையும் இவ்வாறு கொண்டுபோய் விடேன் என்னும் உறுதி பிறக்காவிடில், கொல்லப்பட்டவை வீணே இறந்தனவாகும்.

நம்மால் ஆவது

நாம் தீவுகளை ஆளுகின்றவர்கள் அல்லர். கப்பலில் குரங்கு ஏற்றுகின்றவர்களும் அல்லர். ஆயினும் நம் கைக்கெட்டிய கடமைகள் உள. தெருவில் வரும் குரங்கிற்கு உணவிடாதிருப்போம். அதற்குரிய உணவு மரத்திலிருக்க, மரத்தை வெட்டாதிருப்போம். குப்பையை மூடிவைப்போம். ஊரிற் பிடித்ததை வேற்றூரில் விடுவதற்கு நம் தெருவார் பணம் திரட்டினால், கருத்தடைக்கு அப்பணத்தைத் தருமாறு எடுத்துரைப்போம். வைசாக பூர்ணிமையன்று கூண்டுப் பறவை வாங்கி விட விரும்புவோரிடம், விடுவதற்கென்றே பிடிக்கப்படும் பறவை அஃது என்பதை அன்போடு விளக்குவோம். அப்பணத்தில் ஒரு மரக்கன்று நட்டு, மூன்று கோடைக்கு நீரூற்றச் சொல்லுவோம்.

செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் அதன் பயனைத் திரும்பித் திரும்பிப் பார் என்று பகவான் தம் மைந்தர் இராகுலருக்கு அறிவுறுத்தினார். முன்னே மட்டும் பார்த்தவர் நல்லெண்ணத்தோடு நின்றுவிடுகிறார். 1938-இல் கல்கத்தாவில் கப்பலேறிய குரங்குகளின் கணக்கு இன்னும் முடியவில்லை. காயோ சாந்தியாகோவில் நாளைக் காலையும் யாரோ ஒருவர் படகேறிச் சென்று அவற்றிற்கு உணவு கொடுத்தாக வேண்டும். கொண்டு வந்தவர் மாண்டுவிட்டார், கடன் மாளவில்லை.